மாப்பிள்ளைக்குப் புரியும்படி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாண்டரி வாசலில் நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எல்லோர் கைபேசியிலும் ஒரே செய்தி இருந்தது: "உங்கள் நீலக் கோட்டு தயார். வந்து பெற்றுக்கொள்ளவும்."

கடையில் நீலக் கோட்டு ஒன்றுதான் இருந்தது.

"எங்கிட்ட நீலக் கோட்டே கிடையாது," என்றார் முன்னால் நின்ற பெரியவர். "ஆனா தயார்னு இவ்வளவு மரியாதையா சொல்றாங்களேன்னு வந்தேன்."

"அளவு சரியா இருந்தா நான் எடுத்துக்கறேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

கவுண்டருக்குப் பின்னால் டோக்கன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு. சம்பளக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது நினைவுக்கு வரும். பதினோரு வருடம் கீழ்த்தளத்து இஸ்திரி அறையில் நீராவியில் வெந்தபிறகு, இரண்டு வருடம் முன்புதான் மேலே கவுண்டருக்கு வந்திருந்தாள். இங்கே நாற்காலி உண்டு, ஜன்னல் உண்டு. எல்லாவற்றையும்விட, ஐந்து மணிக்குக் கிளம்பலாம். ஐந்தேகாலுக்குப் பள்ளி விட்டு வரும் மகள், பூட்டிய கதவுக்கு முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்து எட்டரை மணிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

உள்ளேயிருந்து முதலாளி வந்தார்.

"என்னம்மா இது, சினிமா விட்ட மாதிரி கூட்டம்?"

"மாப்பிள்ளைதான் சார் மெசேஜ் அனுப்பியிருக்காரு."

மாப்பிள்ளை என்பது கடையில் புதிதாக வந்திருந்த ஏஐ ஏஜென்ட். அந்தப் பெயரை வைத்தவர் வேன் ஓட்டும் வண்டிக்காரர். காரணம் இருந்தது. அது வருவதற்கு முன்பே அதற்காக மேசை துடைத்து, புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, தூசி படாமல் துணி போர்த்தி வைத்திருந்தார் முதலாளி. அதன் பக்கத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது. அது தப்பு செய்தாலும் திட்டு மற்றவர்களுக்குத்தான்.

அதை விற்றவர் கழுத்தில் எப்போதும் டை கட்டியிருப்பவர். அவரே வந்து விளக்கிவிட்டும் போயிருந்தார்.

"மூளை அதுக்கு இருக்கு மேடம். கை கால்தான் நாம கொடுக்கணும். உங்க கடையில மூணு கருவி இருக்கு. ஒண்ணு மெசேஜ். ரெண்டு, துணி தொங்கற சுத்துற கம்பி. மூணு வேன். ஒவ்வொண்ணும் எதுக்குன்னு நீங்க எழுதி அனுப்பிடுங்க. அதைப் படிச்சு அதுவே வேலை பார்த்துக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, நீங்க எழுதறதைத் தவிர இந்தக் கடையைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

முதலாளி உடனே டோக்கன் அக்காவைக் கைகாட்டினார். "இவ எழுதுவா. கையெழுத்து முத்து முத்தா இருக்கும்."

"டைப்தானே சார் பண்ணப்போறேன்?"

"அதுலயும் இருக்கும்."

அவள் மூன்று வரி எழுதினாள். முதல் வரி: 'மெசேஜ்: துணி தயார் என்று தகவல் சொல்லும்.' யாருக்கு என்று எழுதவில்லை. துணி யாருடையதோ அவருக்கு. இதைக்கூடவா எழுத வேண்டும்?

எழுத வேண்டும் என்று டைக்காரர் இப்போது போனில் சொன்னார். "யாருக்குன்னு குறிப்பிடலைன்னா பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும் போயிடும் மேடம். அந்தக் கருவி அப்படித்தான்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீங்க கேக்கலையே மேடம்."

கூட்டத்தைக் கலைக்க மதியம் ஆனது. நீலக் கோட்டின் சொந்தக்காரர் மட்டும் வரவே இல்லை.

அன்றே உட்கார்ந்து திருத்தினாள். மெசேஜ், துணிக்கு உரியவருக்கு மட்டும். கையோடு வேனுக்கும் விவரமாக எழுதிவிட்டாள்: 'துணியை அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு டோக்கனுக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டும்.'

புதன்கிழமை மதியம் வண்டிக்காரர் சாவியைக் கவுண்டரில் பொத்தென்று வைத்தார்.

"அக்கா, அந்தப் பதினோரு மாடிக் கட்டடம் இருக்குல்ல?"

"ஆமா, இன்னைக்கு அங்க பதினோரு டோக்கன்."

"பதினோரு தடவை போயிட்டு வந்தேன். முதல் மாடி துணியைக் குடுத்துட்டு வந்தா ரெண்டாம் மாடிக்குப் போன்னு சொல்றாரு மாப்பிள்ளை. எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துட்டுப் போகக் கூடாதான்னு கேட்டா, 'ஒரு டோக்கனுக்கு ஒரு தடவை'ன்னு பதில் வருது. காலையில என்னைப் பார்த்துக் குரைச்ச நாய் இப்போ வாலாட்டுதுக்கா. அந்த வாட்ச்மேன் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வச்சிட்டான்."

"இதோ மாத்திடறேன்."

"மெதுவா மாத்துங்க. டீ நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் மாற்றினாள். 'ஒரே இடத்துக்குப் போகும் துணிகளைச் சேர்த்து அனுப்பு. எவையெவை என்று முதலில் கம்பியில் பார்த்துக்கொள்.'

அந்தக் கம்பி கடையின் கூரையை ஒட்டி நீள்வட்டமாக ஓடும். பொத்தானை அழுத்தினால் தொங்கும் துணிகளோடு ஒரு சுற்றுச் சுற்றி வரும். எதிரில் நிற்பவர் கண்ணால் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பிக்குக் கண் கிடையாது. தன்மேல் என்ன தொங்குகிறது என்று அதற்குத் தெரியாது. இதுவும் கடையில் எல்லோருக்கும் தெரியும். எனவே யாரும் எழுதவில்லை.

மாப்பிள்ளை கம்பியைச் சுற்றிப் பார்த்தார். பதில் வரவில்லை. மறுபடி சுற்றினார். பதில் வரவில்லை. இன்னொரு தடவை.

பத்தாவது சுற்றில் திரைச்சீலைகள் படுக்கைவாட்டில் பறந்தன. பதினைந்தாவது சுற்றில், "நிறுத்துங்க யாராவது!" என்று கத்திக்கொண்டே வந்த முதலாளியின் சட்டைக் காலரில் ஒரு கொக்கி மாட்டியது. அவர் குதிகாலை உயர்த்தி, நுனிக்காலால் ஓடினார். கவுண்டர், மூட்டைகள் வைக்கும் மூலை, கழிவறைக் கதவு, மறுபடி கவுண்டர். தன் கடையை அவர் முழுதாகச் சுற்றிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மெயின் ஸ்விட்ச்!" என்றார் இரண்டாம் தடவை கவுண்டரைக் கடக்கும்போது.

டோக்கன் அக்கா ஓடிப்போய் அணைத்தாள். முதலாளி ஒரு போர்வைக்கும் யாருடையதோ ஒரு பள்ளிச் சீருடைக்கும் நடுவில் மூச்சு வாங்கியபடி நின்றார்.

"உன் கையெழுத்தை நம்பினேன் பாரு," என்றார்.

அன்று மாலை அவள் ரொம்ப யோசித்து எழுதினாள். கம்பிக்குக் கண் இல்லை என்று எழுதினாள். எந்தத் துணி யாருடையது என்பதை டோக்கன் ஏட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். ஏடு என்பது இப்போது கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவளே தட்டி ஏற்றியது. இரண்டு நாளாக ஆத்திரத்தில் இருக்கும் வாடிக்கையாளர்களைக் குளிர்விக்க வேண்டுமே என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தாள்: 'ஏட்டில் உள்ளபடி அழைத்து, மரியாதையாகச் செய்தியைத் தொடங்கு.'

அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்க வேண்டாம்.

ஏனென்றால் ஏட்டில் டோக்கன் அக்கா யாருடைய பெயரையும் எழுதுவதில்லை. ஒரே தெருவில் ஒரே பெயரில் ஏழு பேர் இருந்தால் பெயரால் என்ன பயன்? ஆளைப் பார்த்தால் மனதில் என்ன தோன்றுகிறதோ அதை எழுதிவிடுவாள். இரண்டு வருடத்தில் ஒரு துணிகூட ஆள் மாறிப் போனதில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் செய்திகள் கிளம்பின.

"மதிப்பிற்குரிய மூணாம் மாடி முறைப்பு அவர்களுக்கு, தங்கள் இரண்டு சட்டைகள் தயார்."

"மதிப்பிற்குரிய வாய் மூடாத டீச்சர் அவர்களுக்கு, தங்கள் திரைச்சீலை தயார்."

"மதிப்பிற்குரிய கழுத்தில்லாதவர் அவர்களுக்கு, தங்கள் மூன்று டைகள் தயார்."

பத்தரைக்கு டீச்சர் வந்தார். ரசீதை வைத்தார். திரைச்சீலையை வாங்கிக்கொண்டார். போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மூணாம் மாடிக்காரர் வந்து முறைத்தார். பிறகு, தான் முறைப்பது நினைவுக்கு வந்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஜன்னலை முறைத்தார்.

வந்தவர்களில் சந்தோஷமாக இருந்தவர் ஒருவர்தான். ஏட்டில் அவர் 'சென்ட் வாசனை'. "யாரும் இதுவரைக்கும் சொன்னதில்லைங்க," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் உள்ளே முதலாளியின் கைபேசி ஒலித்தது. அவர் துணியையும் இந்தக் கடையில்தான் வெளுக்கிறார்கள். அவர் வெளியே வந்து, கைபேசியைத் தூரத்தில் பிடித்து, சத்தமாகப் படித்தார்.

"மதிப்பிற்குரிய உறுமல் அவர்களுக்கு, தங்கள் மூன்று பேன்ட்டுகள் தயார். இடுப்பு மறுபடியும் பெரிதாக்கப்பட்டது."

"யாரும்மா உறுமல்?"

டோக்கன் அக்கா பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

"யார் உறுமல்னு கேக்கறேன்!"

"சார், இப்போ நீங்க கேட்டீங்களே," என்று ஆரம்பித்த வண்டிக்காரர், டோக்கன் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் வேனைத் துடைக்கணும்," என்று வெளியே போனார்.

முதலாளி குரலைத் தாழ்த்திப் பேசினார். அவர் தாழ்த்திப் பேசினால்தான் பயம்.

"சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள மாப்பிள்ளை ஒழுங்கா வேலை செய்யணும். இல்லைன்னா திங்கட்கிழமையிலருந்து நீ கீழ. இஸ்திரி ரூம். எட்டு மணி வரைக்கும்."

வீட்டுக்குப் போனதும் அவள் மகளின் தலையைத் தேவைக்கு அதிகமான நேரம் வாரிவிட்டாள். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதி, பஸ் டிப்போவில் டயர் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த கணவரிடம் நீட்டினாள்.

"ஏங்க, ஒரு பத்து நிமிஷம் நீங்க மாப்பிள்ளையா இருங்க."

"பன்னெண்டு வருஷமா அதுதானே இருக்கேன்."

"அந்த மாப்பிள்ளை இல்லை. கடையில இருக்கற மாப்பிள்ளை. இதுல எழுதியிருக்கறதை மட்டும் செய்யணும். சொந்தமா எதுவும் யோசிக்கக் கூடாது."

"அதுவும் பழக்கம்தான்."

தாளில் இருந்தது: 'ஃபிரிஜ்: பால் இருக்கும். அடுப்பு: பாலைக் காய்ச்சும்.' கணவர் பாலை எடுத்தார், அடுப்பில் வைத்தார், கைகட்டி நின்றார். பால் எழும்பியதும் சட்டென்று அணைத்தார்.

"ஏன் அணைச்சீங்க? அணைக்கணும்னு எழுதலையே?"

"பொங்குதுடி!"

"பொங்கட்டும். நீங்க மெஷின். உங்களுக்கு அது தெரியாது."

இரண்டாம் தடவையும் அணைத்தார். மூன்றாம் தடவை பால் விளிம்புக்கு வந்தபோது அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்து, கடைசியில் வாயால் ஊதி அடக்கப் பார்த்தார்.

"என்னால முடியாதும்மா," என்றார். "பொங்கப்போகுதுன்னு தெரிஞ்சும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுன்னா, அது மனுஷனால ஆகாது. மெஷினாலதான் முடியும்."

அன்றைக்கு அவள் ஒன்று தெரிந்துகொண்டாள்: எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை பன்னிரண்டு பக்கம் அனுப்பினாள். மழை பெய்தால் என்ன, வாடிக்கையாளர் ஊரில் இல்லாவிட்டால் என்ன, பொத்தான் விழுந்திருந்தால் என்ன, கணவன் கொடுத்த துணியை மனைவி வாங்க வந்தால் என்ன, வேனின் இடதுபக்கக் கதவைத் திறக்கும் முறை, எல்லாம் இருந்தன.

மாப்பிள்ளை அசையவில்லை.

பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு செய்தி போகவில்லை. வேன் நகரவில்லை. துவைத்து மடித்த துணி கவுண்டரின் மேல் குவிந்தது. குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் டோக்கன் அக்காவின் நெற்றி மட்டும் தெரிந்தது.

"ஒரு மணி ஆயிடுச்சு. மாப்பிள்ளை சாப்பிடப் போயிருப்பாரு," என்றார் வண்டிக்காரர்.

இரண்டரை மணிக்கு ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு செய்தி போனது. முதலாவது: "தங்கள் போர்வை தயார்." அடுத்தது: "தங்கள் போர்வை தயார் இல்லை."

அவள் டைக்காரருக்குப் போன் செய்தாள்.

"பக்கம் மூணுல, காய்ஞ்சபிறகுதான் சொல்லணும்னு எழுதியிருக்கீங்க மேடம். பக்கம் ஒம்பதுல, முந்தின நாளே சொல்லிடணும்னு எழுதியிருக்கீங்க. அதான் ரெண்டையும் செஞ்சிருக்கு."

"ஏன் சார் இவ்வளவு நேரம்?"

"ஒவ்வொரு வேலைக்கும் பன்னெண்டு பக்கத்தையும் படிக்கணும்ல மேடம்?" அவர் குரலில் கொஞ்சம் களைப்பு இருந்தது. "குறைச்சு எழுதுங்க. தயவுசெஞ்சு."

அன்று மொத்தம் நான்கு டோக்கன்கள் போயின. முதலாளி குவியலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கீழ்த்தளத்துக்குப் போகும் படிக்கட்டில் எரியாமல் இருந்த விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே கடைக்கு வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஒன்றும் எழுத வரவில்லை. கீழேயிருந்து இஸ்திரி அறையின் நீராவிச் சத்தம் வந்தது.

அந்த அறையில் அவளுடைய முதல் நாள். யாரோ கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்து, "பார்த்துச் செய்," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதைப் பார்த்து? எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு? யாரைக் கேட்பது? கேட்டால் திட்டுவார்களோ என்று கேட்காமல் இருந்தாள். பத்தாவது நிமிடத்தில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் முக்கோணமாக ஓட்டை. "இதுகூடத் தெரியாதா?" என்று ஆறு பேர் வந்து கேட்டார்கள். தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்றைக்கு யாராவது எனக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் அதில் என்ன இருந்திருக்க வேண்டும்?

அவள் எழுத ஆரம்பித்தாள்.

'மாப்பிள்ளை, இந்தக் கடைக்கு நீ புதிது. உனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் பயப்படாதே.

மெசேஜ். ஒரு துணி துவைத்து, காய்ந்து, மடித்து முடிந்தபிறகு மட்டும். அந்த டோக்கனுக்கு எதிரில் உள்ள எண்ணுக்கு மட்டும். எண்ணை விட்டுவிட்டால் ஊருக்கே போகும், எனவே விடாதே. வணக்கம் என்று ஆரம்பி, போதும். ஏட்டில் நான் எழுதியிருப்பது எனக்காக. அதை வெளியே சொல்லாதே.

கம்பி. துணியை முன்னால் கொண்டுவரும், அவ்வளவுதான். எது எங்கே என்று அது சொல்லாது. வாடிக்கையாளர் கவுண்டரில் நிற்கும்போது ஒரு தடவை சுற்று. வேறு எதற்கும் தொடாதே.

வேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. ஒரே கட்டடத்துத் துணி எல்லாம் ஒரே நடையில்.

இதில் இல்லாத எதுவும் வந்தால் நீயாக ஊகிக்க வேண்டாம். என்னைக் கேள். எத்தனை தடவை கேட்டாலும் திட்ட மாட்டேன்.'

அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு முதல் செய்தி, சரியான ஆளுக்கு, சரியான துணிக்குப் போனது. ஒன்பது நாலுக்கு அடுத்தது. பதினோரு மாடிக் கட்டடத்துக்கு வேன் ஒரே ஒரு தடவை போய்வந்தது. "நாய்தான் ஏங்கிப்போச்சு," என்றார் வண்டிக்காரர். கம்பி, ஆள் வந்தால் ஒரு சுற்றுச் சுற்றி, கௌரவமாக நின்றது.

பத்தரை மணிக்குத் திரையில் ஒரு கேள்வி வந்தது: 'டோக்கன் 340. கணவர் கொடுத்தது. மனைவி மெசேஜில் கேட்கிறார். கொடுக்கலாமா?'

'ரசீது இருந்தால் கொடு,' என்று பதில் எழுதினாள். இத்தனை நாளில் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்கு என்னவோ போலிருந்தது. 'நல்ல கேள்வி,' என்றும் சேர்த்து எழுதினாள்.

பிறகு நாள் முழுதும் ஏழெட்டுக் கேள்விகள் வந்தன. எல்லாம் கேட்க வேண்டியவை. மாலை நான்கு மணிக்குக் கவுண்டர் காலி. அறுபத்தெட்டு டோக்கன், ஒரு தப்பு இல்லை. நீலக் கோட்டின் சொந்தக்காரர்கூட வந்து, வெளியூர் போயிருந்ததாகச் சொல்லி வாங்கிப் போனார்.

நான்கரைக்கு டைக்காரர் வந்தார். முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அஞ்சே நாள்ல கத்துக்கிச்சே சார்!"

"எங்க ஏஜென்ட் அப்படித்தான் சார். முதல்ல கொஞ்சம் தடுமாறும். அப்புறம் தானா பிடிச்சுக்கும்."

"என்ன புத்தி!" முதலாளி திரையின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். பிறகு டோக்கன் அக்காவிடம் திரும்பினார். "சரி, நீ மேலயே இரு. ஆனா அதைப் பார்த்துக் கொஞ்சம் கத்துக்கோ. சொன்னா புரிஞ்சுக்குது பாரு."

"சரிங்க சார்," என்றாள். நாற்காலி கிடைத்துவிட்டது, ஐந்து மணி கிடைத்துவிட்டது. நல்ல பெயர் யாருக்குப் போனால் என்ன?

இரண்டு பேரும் பேசியபடி உள்ளே போனார்கள். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. வலது மணிக்கட்டை இடது கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

"டோக்கன் போடணுமாம்மா? சீக்கிரம் வா, கிளம்பப்போறேன்."

"துணி இல்லைக்கா." அவள் உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள். "டை போட்ட சார் ஆபீஸ்ல வேலை பார்க்கறேன். அந்த ஒரு பக்கம் எழுதினது நீங்கதானே?"

"ஆமா. ஏன், அதுலயும் தப்பா?"

"இல்லைக்கா. ரொம்ப நல்லா இருந்துச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

டோக்கன் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. அந்த வாரத்தில் அவளிடம் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை. மலர்ந்த வேகத்தில் ஐந்து நாள் ஆற்றாமையும் வெளியே வந்துவிட்டது.

"நீயாவது சொன்னியே தாயி. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. மூளை இருக்கு மூளை இருக்குன்னு சொல்றீங்களே, உங்க மெஷினுக்குக் கொஞ்சமாவது சொந்த புத்தி வேண்டாமா?"

"இருக்குக்கா," என்றாள் அவள், மணிக்கட்டை நீவியபடியே. "ஆனா எழுதினதைத் தாண்டி ஒண்ணு செஞ்சாலும் மனுஷின்னு தெரிஞ்சுடும், வேலை போயிடும்னு சொல்லிட்டாங்க, மெஷின் அடுத்த மாசம்தான் வருதாம், அதுவரைக்கும் உங்க மாப்பிள்ளை நான்தான்."